காய்ச்சல் முகாமுக்கு வராத பெண்கள்

ஜூன் 7, திங்கள்
காலையிலேயே வெயில். மணலி ஆலைப் பக்கமிருந்து காற்று, அதே வாடை.

கொரோனா முடியும்வரை மண்டல அலுவலகத்தில் பயிற்சி அதிகாரி வேலை எனக்கு. இன்று சுகாதார ஆய்வாளர்களுக்கு முதல் வகுப்பு. பலகையில் எழுதினேன்: ‘நம் திட்டத்தில் பெண்கள் எங்கே?’

காலடிப்பேட்டையைப் பார்க்கும் சேகர் எழுந்தார். “வைரஸுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா மேடம்?”

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அவருடைய காய்ச்சல் முகாம் பதிவேட்டையே வாசிக்கச் சொன்னேன். பக்கம் பக்கமாக ஆண்கள். சிரிப்பு அடங்கியது.

வீட்டுப்பாடம்: ஏன் வரவில்லை என்று பெண்களிடமே கேட்டு வர வேண்டும்.

வாங்க: இஞ்சி, முகக்கவசம், குடைக்குக் கம்பி.

ஜூன் 9, புதன்
தூறல். சேகருடன் போனேன். மீன் விற்கும் ஸ்டெல்லா வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல்.

“முகாமுக்கு ஏன் வரலம்மா?” என்றார் சேகர்.

“நீ பத்து மணிக்கு முகாம் போடுற நைனா. தண்ணி லாரியும் அப்பதான் வருது. கொடத்த யாரு புடிப்பா?” இருமல். “வந்தா கொரோனா மையத்துக்கு இட்டுனு பூடுவீங்க. அங்க பொம்பளைங்க பாத்ரூம்ல தாப்பாளே இல்லியாமே. நா இங்கியே கீறேன்.”

விரலில் ஆக்சிமீட்டர். ஆக்சிஜன் அளவு குறைவு. சேகர் முகம் மாறிவிட்டது.

“தாப்பா போட்டா வருவியா?”

“போட்டுட்டு சொல்லு.”

டோல்கேட் கடையில் தாழ்ப்பாள் வாங்கி, மையத்துக்குப் போய், சேகரே திருகி முடுக்கினார். மதியத்துக்குள் ஸ்டெல்லாவுக்கு ஆக்சிஜன். எனக்குச் சாப்பாடு மறந்தது.

ஜூன் 10, வியாழன்
ஆய்வுக் கூட்டம். “எல்லாருக்கும் பொதுவாத்தானே செய்யறோம், பெண்களுக்குத் தனியா என்ன?” மேலதிகாரி. நான் எழுவதற்குள் சேகர் எழுந்துவிட்டார். தண்ணீர் லாரி, தாழ்ப்பாள், எல்லாம் சொன்னார்.

“மேடம் சொல்லிக்குடுத்தாங்களா?”

“இல்ல சார். மீன் விக்கிற ஸ்டெல்லாம்மா.”

மேலதிகாரி பேனாவை எடுத்தார். முகாம் இனி மாலை நான்கு மணிக்கு. மையங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் காவலர். பதிவேட்டில் ஆண், பெண், திருநங்கை தனித்தனியாக. சரியாகச் செய்வோம். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 12, சனி
புழுக்கம். நாலரை மணிக்கு முகாமில் பெண்கள் வரிசை தெருமுனை தாண்டி. “தள்ளி நில்லுக்கா, மேல வந்து வுழாத!”

ஸ்டெல்லாவுக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்களாம். கஞ்சி நன்றாக இல்லை என்று சண்டையாம். நல்ல சேதி.

சேகர் ஓடி வந்தார். “மேடம், மாசமா இருக்கறவங்களுக்குத் தனி வரிசை, நாற்காலி போட்டுட்டேன். உங்கள கேக்கல.”

“ஏன் கேக்கணும்?” என்றேன்.