திரையில் ஓடிய நான்கு வரிகள்

நம் சின்னவளின் அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ எடுத்துவைத்த ஸ்வெட்டர் இந்தக் குளிருக்குப் போதவில்லை.

இன்று காலை கவிதை வாசித்தேன். நான் தமிழில் வாசிக்க வாசிக்க, முதுகுக்குப் பின்னால் திரையில் மொழிபெயர்ப்பு ஓடும். நம் சின்னவள் குளத்துக்குப் போன நாளைப் பற்றிய கவிதையைத்தான் கேட்டிருந்தார்கள். அதில் நான்கு வரிகளை நீ படித்ததில்லை. புத்தகத்தில் சேர்க்காமல் விட்டேன். மொழிபெயர்க்க அனுப்பிய பழைய பிரதியில் அவை இருந்திருக்கின்றன. மேடையில் அவற்றை வாசிக்காமல் தாண்டும்போது கொஞ்சம் தடுமாறி நின்றேன்.

அரங்கமே மூச்சடங்கிப்போனது. முன்வரிசைப் பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாசிப்புக்குத்தான் என்று, வெட்கங்கெட்டவன், உள்ளூரப் பூரித்தேன்.

இறங்கியதும் மொழிபெயர்ப்பாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இடத்துல உங்களுக்குத் தொண்டை அடைச்சிடுச்சுன்னு நெனச்சேன் சார். அதான் அந்த நாலு வரியையும் திரையில ஓட விட்டுட்டேன்" என்றார்.

முந்நூறு அந்நியர்களுக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் தெரியாது.

பதினொரு வருடமாகப் பின்கதவுத் தாழ்ப்பாளை நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறாய். நானும், "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்று உன்னை மன்னித்த பெரிய மனுஷனாகவே நடமாடினேன்.

அந்த வரிகள் இவை:

நீ தாழ்போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போனாய்.
சிகரெட் பிடிக்க நான் அதைத் திறந்தேன்.
உள்ளே வரும்போது ஒரு கவிதை தோன்றியது.
தாழ்ப்பாளை மறந்து எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். நீ கதவைத் திறந்தால் உள்ளே வருவேன்.

அவளுடைய அப்பா