ஜவஹரைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தை

சாந்தோம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஈவ்லின் அப்பாவுக்கு,

லூயிசா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் அழுவேன், நீங்கள் சமாதானம் சொல்லி வைத்துவிடுவீர்கள், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும். என் தம்பி விக்கி நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள்.

முதலில் பிள்ளையைப் பற்றி. ஈவ்லினுக்கு உதட்டுத் தையலைப் பிரித்துவிட்டார்கள். முன்பற்கள் இரண்டும் போனது போனதுதான். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தால் குடிக்கிறாள். குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். நானும் அதை எடுக்கவில்லை.

ஜவஹர் வீட்டிலிருந்து உங்களுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள், பெற்றோர் வந்து கோச்சாக இருந்த அவரை அடித்தார்கள் என்று சொல்லியிருப்பார்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

அன்று காலை நம் மாதா கோயில் பங்கின் இளைஞர் கால்பந்து அணி அடையாறு அணியிடம் தோற்றுவிட்டது. கடைசி பெனால்டியை வெளியே அடித்தவன் சாய்சரண். மயிலாப்பூர் ஹம்சாவின் மகன், நம் ஈவ்லினோடு எட்டாவது படிக்கிறானே, அவன்தான். ஜவஹர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் நம் கோயில் மைதானத்துக்குக் கூட்டிவந்து உச்சி வெயிலில் ஓடவிட்டிருக்கிறார். சாய்சரண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “முடியல சார், இழுத்துப் பிடிச்சுண்டிருக்கு” என்று கெஞ்சினானாம். ஜவஹர் போய் மூலைக்கொடிக் கம்பைப் பிடுங்கினார்.

ஈவ்லினைக் கூட்டிவர நான் ஸ்கூட்டரில் வந்தது அப்போதுதான். வண்டியை நிறுத்தும்போது, பக்கத்து வீட்டு மாடியில் யாரோ மெத்தை தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சத்தம். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அந்தப் பையன் மண்ணில் சுருண்டு கிடக்கிறான், இவர் முதுகிலும் விலாவிலும் மாறி மாறிப் போடுகிறார். கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏதோ வேலை செய்கிறவர் போல அடித்தார். தலையில் விழாமலிருக்கப் பையன் கையைத் தூக்கினான். அடுத்த அடியில் முழங்கை உடைந்தது, நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

மற்றப் பிள்ளைகள் சிலையாக நின்றார்கள். நம் பிள்ளை மட்டும் ஓடினாள். பின்னாலிருந்து அவர் கையில் தொங்கி மணிக்கட்டைக் கடித்தாள். அவர் அவளுடைய சடையைப் பிடித்துச் சுழற்றி வீசினார். கோல் கம்பத்தில் முகம் போய் மோதியது. விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து வாயில் கை வைத்தாள். விரல் சந்தில் எல்லாம் ரத்தம்.

என் கையில் ஹெல்மெட் இருந்தது. காதுக்குப் பின்னால் அடித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. “அண்ணி, இதுல நீங்க வராதீங்க, டிசிப்ளின் மேட்டரு” என்றார். மூச்சுக்கூட வாங்கவில்லை அவருக்கு. அந்த வாயிலேயே அடித்தேன். முட்டி போட்டு விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தேன். ஹெல்மெட்டின் கண்ணாடி பெயர்ந்து விழுந்தது, அதன் பிறகும் அடித்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவர் சாகட்டும் என்றுதான் அடித்தேன்.

அதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். “இன்னாடா, கொய்ந்த மேலயா கைய வெக்கிற?” என்று ஒருவர் அதே கம்பைப் பிடுங்கினார். எத்தனை கால்கள் உதைத்தன என்று தெரியாது. பவுல்சாமி ஃபாதர் அங்கியோடு ஓடிவந்து ஜவஹர் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். சில உதைகள் அவர் முதுகில் விழுந்தன. அவருக்கு விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அவர் மட்டும் படுத்திருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்துதான் எழுதியிருப்பேன். ஜவஹருக்கு ஒரு கண் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சரண்யா வீட்டுக்கு வந்தார். ஜவஹர் மேலும் கேஸ், என் மேலும் கேஸ். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் செய்ததை நான் சொல்லிவிட்டேன். ஜவஹர் தரப்பில், பையன் ஓடும்போது விழுந்தான், அவர் பூனையைக்கூட அடிக்காதவர் என்கிறார்களாம். பிள்ளைகள் சொல்வதைக் கூட்டாகச் சொல்லிக்கொடுத்த பேச்சு என்கிறார்களாம். “சென்னையில அவர் மேல ஒரு பெட்டி கேஸ்கூட இல்லம்மா. போலீஸ் வெரிஃபிகேஷன் சுத்தமா வந்திருக்கு. இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல என்ன பண்ணாருன்னு நீங்க யாருமே விசாரிக்கலையா?” என்று கேட்டார் அந்த அம்மா.

கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் வந்திருந்தபோது நடந்த பங்குக் கூட்டம் நினைவிருக்கும். பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் எல்லோரையும் பற்றி, முன்பு வேலை செய்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர்ப்பது என்று ஃபாதர் சொன்னார். ஜவஹர் வேலை பார்த்த மஸ்கட் கம்பெனிக்குத் தானே போன் செய்கிறேன் என்றார். நீங்கள் எழுந்து, “நான் அவனோட ஒரே ரூம்ல இருந்தவன் ஃபாதர், என்னை விடவா கம்பெனிக்காரன் சொல்லப்போறான்?” என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஃபாதர் அந்தப் போனைச் செய்யவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஹம்சா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள்ளாம் இருக்கேள், ஆஸ்டின் சார் சொல்லியிருக்கார்னுதானே லூயிசா எங்காத்துலேர்ந்து அனுப்பினோம்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம். சாய்சரணின் கைக்குப் பிளேட் வைத்திருக்கிறார்கள். யாராவது வேகமாகக் கட்டில் பக்கம் வந்தால் அந்தக் கையைத் தூக்கப் பார்க்கிறான்.

நேற்று முதஸ்ஸிர் அண்ணன் வடபழனியிலிருந்து ஈவ்லினைப் பார்க்க வந்தார். மஸ்கட்டில் உங்கள் ரூமில் மூன்றாவது ஆளாக இருந்தவர். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். காபி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். “அண்ணி, ஆஸ்டின் உங்ககிட்ட சொல்லவே இல்லியா?” என்று கேட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குடோனில் ஒரு வங்காளப் பையனை ஜவஹர் இரும்புக் குழாயால் அடித்தது. அந்தப் பையனுக்குக் காது கேட்காமலே போனது. போலீசுக்குப் போகாமல் கம்பெனி ஜவஹரை ஊருக்கு ஏற்றிவிட்டது. “அடிக்கிறத நான் பாக்கல அண்ணி, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். பாத்தது ஆஸ்டின்தான். அவன்தான் அந்தப் பையன தோள்ல போட்டுக்கினு ஓடினான்” என்றார். அன்று உங்கள் சட்டையெல்லாம் ரத்தமாம்.

நீங்கள் ஈரமில்லாதவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நண்பன் ஊருக்கு வந்து வேலையில்லாமல் நிற்கிறானே என்று பார்த்திருப்பீர்கள். திருந்தியிருப்பான் என்றும் நினைத்திருப்பீர்கள். அந்தக் குழாயைப் பார்த்த கண்ணோடு, நம் பிள்ளை ஆடும் மைதானத்துக்கு அவரை எப்படி அனுப்பினீர்கள் என்றுதான் புரியவில்லை.

இன்று காலைப் பூசை முடிந்து வரும்போது ஜவஹரின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். பாவம், அவள் என்ன செய்தாள்? என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். “ஆஸ்டின் அண்ணன் போன்ல சொல்லிட்டாரு அக்கா, அவர் நல்லவருன்னு கோர்ட்டுக்கு எழுதித் தரேன்னாரு. நீங்க மட்டும் தடுத்துடாதீங்க” என்றாள். நேரே வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அதை எழுதாதீர்கள். லீவு கிடைக்குமா, சம்பளம் பிடிப்பார்களா என்று பார்க்காதீர்கள். வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, குடோனில் பார்த்ததைச் சொல்லுங்கள். ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஊர் பேசும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஈவ்லின் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பல் போன வாயால் பேச இன்னும் பழகவில்லை. “ஜவஹர் அங்கிள் இப்படின்னு அப்பாவுக்குத் தெரியாதுல்லம்மா?” என்று கேட்டாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. அப்பா வந்து சொல்வார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு என் மடியில் படுத்துக்கொண்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியத்தை மாதா உங்களுக்குத் தரட்டும். வாருங்கள்.

உங்கள்
லூயிசா