லிஃப்ட்காரர் அனுப்பிய மெயில்கள்

மார்ச் 3, திங்கள்

அலுவலகத்துக்கு வரும் குப்பை மெயிலுக்கு ஒருவழியாக வடிகட்டி போட்டு முடிவு கட்டிவிட்டேன். தெரியாத முகவரி, 'அவசரம்', 'கடைசி எச்சரிக்கை' என்று அலறல், கூடவே ஒரு படம் — இந்த மாதிரி எது வந்தாலும் சர்வர் பிடித்து ஓரமாகப் போட்டுவிடும். ஒரு மாதம் கிடந்து தானாக அழியும். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கணக்குப் பிரிவு அக்காதான், "லாட்டரி விழுந்துச்சுன்னு ஒருத்தனும் எழுத மாட்டேங்கிறான், போரடிக்குதுடி" என்றாள்.

மார்ச் 11

ஒரு புகாரும் இல்லை. நிம்மதி.

மார்ச் 19, புதன்

லிஃப்ட் விழுந்துவிட்டது. உள்ளே அக்கா. கதவைப் பெயர்த்தபோது அவள் கத்தக்கூட இல்லை. கால் திரும்பிக் கிடந்தது, சாப்பாட்டு டப்பாவை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

லிஃப்ட் பராமரிக்கிறவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. "லிஃப்ட்ட நிறுத்த அனுமதி கேட்டு மெயில் போட்டேனே சார்" என்று மேனேஜரிடம் கெஞ்சினார். யாருக்கும் வரவில்லை. என்னமாய்ப் புளுகுகிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 20

இருக்கிறது. நான்கு மெயில். ஓரமாகப் போட்டதில்தான்.

'அவசரம். ரோப்பு நைஞ்சு போச்சு, பிரேக்கும் சரியாப் பிடிக்கல. நிறுத்த அனுமதி குடுங்க.' நைந்த ரோப்பின் படம். நான்காவதில், 'கடைசி எச்சரிக்கை சார், கோவிச்சுக்காதீங்க.'

ஐயோ. பயந்தவன் வேறு எப்படி எழுதுவான்? இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தானே மோசடிக்காரன் எழுதக் கற்றுக்கொண்டான்?

மேனேஜரிடம் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நீ எதையும் அழிக்க வேணாம்மா. மாசம் முடிஞ்சா தானாப் போயிடும்னு சொன்னியே. சும்மா இரு, போதும்."

சும்மா இருந்தால் போதுமாம். ஒரு மனுஷன் லாக்கப்பில் கிடக்கிறான் — எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 21

ஆஸ்பத்திரியில் அக்கா: "அந்த லிஃப்ட்காரன விடக் கூடாதுடி." தலையாட்டினேன். தலையாட்டினேனே, சீ.

மார்ச் 24, திங்கள்

நான்கையும் விடுவித்தேன். அலுவலகம் முழுக்க, போலீசுக்கும், அக்காவுக்கும் — வந்த தேதியோடு. 'பிடித்து வைத்த வடிகட்டி நான் போட்டது' என்று மேலே எழுதினேன். மேனேஜர் சொன்னதையும்தான்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் என் நுழைவு அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 2

லிஃப்ட்காரரை விட்டுவிட்டார்கள். போன் செய்தார், அக்கா கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

அக்காவிடமிருந்து பதில் இல்லை. குப்பைப் பெட்டியையும் தினமும் திறந்து பார்க்கிறேன்.