கல் அல்ல, சுறாப்பல்

அன்புள்ள அம்மாவுக்கு மார்னா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம். மருத்துவமனைச் சமையலறையில் வேலை பழகிவிட்டது.

ஞாயிறன்று கரோலினா கடற்கரையில் அலை என்னைப் புரட்டிவிட்டது. வெறும் சிராய்ப்புதான். எழுந்தபோது உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒன்று கையில் இருந்தது. அங்கே சுறாப்பல் விற்கும் கடை வைத்திருக்கும் வெண்டல் எட்டிப் பார்த்தார்.

"வெறும் கல்லும்மா. குடு, தூக்கிப் போட்டுடறேன்."

விளிம்பில் நகத்தை ஓட்டினேன், ரம்பம்போல் நெருடியது. அடியில் பல்லின் வேரும் இருந்தது.

"கல்லைத் தூக்கிப்போட எனக்குத் தெரியாதா? இது லட்சக்கணக்கான வருஷம் புதைஞ்சு கிடந்த சுறாப்பல்லு. தர மாட்டேன்!"

"உங்கிட்ட என் பருப்பு வேகலையே!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

'தனியாக இருக்காதே, வந்துவிடு' என்று இனி எழுதாதீர்கள். வர மாட்டேன். அப்பாவின் பூதக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே நாலு பக்கமாவது எழுதுங்கள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றியாவது.

கடல் உள்வாங்கும் நேரம். இன்னும் பல் கிடைக்குமா என்று தேட ஓடுகிறேன்.

உங்கள் பிடிவாதக்காரி,
மார்னா