உயிரோடிருப்பவளுக்கு இளைப்பாற்றி

மார்ச் 1, ஞாயிறு

எப்படி விளிப்பது என்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். விளிக்காமலே தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

நலமா? ஓய்வு பெற்று எனக்கு மூன்று வருஷமாகிறது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி வண்டி ஓடுகிறது. நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் விலாசத்தை உன் தங்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். தொலைபேசி எண்ணைத் தர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்குக் கோயிலில் இந்தத் தவக்காலத்துக்கு ஒரு சின்னத் திருயாத்திரைக் குழு கிளம்பியிருக்கிறது. ஒரு வேன், பதினொரு பேர், ஆறு சனிக்கிழமை, ஆறு பழங்காலத்துக் கோயில்கள். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இதாவது செய்யலாம் என்று பெயர் கொடுத்தேன். படிவத்தில் மணமானவர், மணமாகாதவர், துணை இறந்தவர் என்று மூன்றே கட்டம். மணமானவர் என்று போட்டால் "வீட்டம்மா வரலையா?" என்பார்கள். அப்புறம் அது எங்கே போய் முடியும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்து மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன்.

அதோடு போயிற்று என்று நினைத்தேன். குழுத்தலைவி ஒரு தையற்காரம்மா, பக்தி பழுத்தவர். குழுவில் யார் யாருக்கு யார் இறந்திருக்கிறார்களோ அவர்களுக்காக ஒவ்வொரு கோயிலிலும் பூசை ஒப்புக்கொடுப்பது அவர்கள் வழக்கமாம். முதல் சனிக்கிழமை வேனிலேயே உன் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் கோயில் முந்நூறு வருஷத்துக் கோயில். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தன. நித்திய இளைப்பாற்றி வேண்டி ஃபாதர் இறந்தோர் பட்டியலை வாசித்தார். மூன்றாவதாக உன் முழுப்பெயர். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இரண்டாவது கோயில். அந்த அம்மா உனக்காகத் தன் கையால் மெழுகுவத்தி ஏற்றி, "வருத்தப்படாதீங்க சார், அவங்க மோட்சத்துலதான் இருப்பாங்க" என்றார். குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். "எப்படித் தவறினாங்க?" என்று கேட்டார். "திடீர்னு" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் உயிரோடிருக்கிறவளை இரண்டு கோயிலில் இளைப்பாற வைத்துவிட்டு அவளிடமே மறைப்பது இன்னும் கேவலமாகப் பட்டது. வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கணவன் என்று எழுதக் கை கூசுகிறவன்


மார்ச் 5, வியாழன்

துரை அவர்களுக்கு,

நான் இறந்துபோன செய்தி கிடைத்தது. திடீரென்று போனதில் சந்தோஷம், இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை.

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிற பெண் சிரித்துச் சிரித்து ஒரு போர்வையைக் கருக்கிவிட்டாள். இங்கே எல்லோருக்கும் நம் கதை தெரியும். கணவர் இருக்கிறார், பிரிந்திருக்கிறோம் என்று இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன். நான் யாரையும் சாகடிக்கவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏமாந்தவர் அந்தத் தையற்காரம்மா. முன்பின் தெரியாத ஒருத்திக்காக மனசார வேண்டிக்கொண்டு நிற்கிறார், நீங்கள் பக்கத்தில் கைகட்டி நிற்கிறீர்கள். வரும் சனிக்கிழமை வேன் கிளம்புவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரோடிருப்பவள்


மார்ச் 8, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

உன் கையெழுத்து மாறவே இல்லை. உறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லவில்லை. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

வேன் கிளம்பும்முன் சொல்லத்தான் போனேன். செபமாலை தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது கோயில் குன்றின்மேல் இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு படி. ஏறி முடித்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. சரி, முதலில் பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்று போனேன். "பொய் சொன்னேன் ஃபாதர்" என்றேன். "எத்தனை தடவை?" என்றார். "ஒரு தடவைதான், ஆனா அது வாராவாரம் பெருசாகுது" என்றேன். அவர் விவரம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று செபம் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவு மலிவாக விடுதலை கிடைத்ததில் எனக்கே சங்கடமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கடைசிக் கோயிலின் பீடத்துக்கென்று அவரே தைத்த வெள்ளை விரிப்பு. ஓரத்தில் சிவப்பு நூலில் உன் பெயர். "நாலு நாள் வேலை சார், உங்க வீட்டம்மா ஞாபகமா அங்க இருக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைப்போல் ஒரு கோழை உண்டா, சொல்.

வெட்கத்துடன்,
நான்


மார்ச் 12, வியாழன்

துரை அவர்களுக்கு,

அந்த விரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி விடவில்லை. பருத்தித் துணி என்றால் சிவப்பு நூல் முதல் சலவையில் சாயம் விடும். குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசச் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு. "என்னைப்போல் ஒரு கோழை உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இல்லை என்று சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. நீங்கள் கோழை என்பது எனக்கு இருபத்தொரு வருஷமாகத் தெரியும்.

உங்களுக்குப் பதவி உயர்வு வந்த வருஷம். உங்கள் மேலாளரிடம் என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் அவருடைய மனைவி மருந்துக் குப்பியும் ஊசியுமாக நம் வாசலில் வந்து நின்றார், "நர்ஸம்மா, இந்த ஊசியைப் போட்டு விடுறீங்களா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு. நீங்கள் உள்ளறையில் இருந்தீர்கள். "நான் நர்ஸ் இல்லைங்க, துணி துவைக்கிறவ" என்றேன். நீங்கள் வெளியே வரவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் அலுவலகத்தில் என்ன சொன்னீர்கள்? கதவைத் திறந்தவள் எங்கள் வீட்டு வேலைக்காரி, மனைவி பணிக்குப் போயிருந்தாள் என்று. அந்த அம்மா பாவம், நல்ல மனசு. வேலைக்காரிக்குக் கொடுங்கள் என்று தன் பழைய உடுப்பு இரண்டை ஒரு பையில் போட்டு அனுப்பினார். நீங்கள் அதை வழியில் எங்காவது போட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டு வந்து, என் கையில் கொடுத்து, "நல்ல துணிதான், வேணும்னா வச்சுக்கோ" என்றீர்கள். அந்த வாரமே நான் கிளம்பினேன்.

அன்றைக்கு வேலைக்காரி, இன்றைக்குப் பிணம். நான் செத்துப்போனதாகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன், ஏன் போனேன், அதையும் சேர்த்து அந்தப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள். இதற்குமேல் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை.

இப்படிக்கு,
சலவைக்காரி


மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

சொல்லிவிட்டேன்!

நேற்று நான்காவது கோயில். ஆற்றங்கரையில் இருக்கிறது. வெள்ளம் வந்த வருஷங்களைச் சுவரில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள், ஒரு கோடு என் தலைக்கு மேலே. சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, "என் மனைவி உயிரோடதான் இருக்கா. நான் பொய் சொல்லிட்டேன். பிரிஞ்சு இருக்கோம்" என்று சொன்னேன்.

தையற்காரம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம், "அப்ப நான் சொன்ன அத்தனை செபமாலையும் யாருக்குப் போச்சு?" என்று ஃபாதரைக் கேட்டார். ஃபாதர் பாவம், சிரிப்பை அடக்க இருமினார். என்னை அந்த அம்மா திட்டின திட்டு கொஞ்சமல்ல. விரிப்பில் போட்ட பெயரைப் பிரித்தெடுக்க இன்னும் இரண்டு நாள் ஆகுமாம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பட வேண்டியதுதானே?

திரும்ப வேனில் ஏறியதும் பல் டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதலாகப் பேசினார். "உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்றார். ஆஸ்பத்திரியில் வேலை என்றேன். "ஓ, நர்ஸா? பெரிய சேவை சார்" என்றார். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது, ஒரே இரைச்சல்.

மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? நேற்று நன்றாகத் தூங்கினேன். உன்னை ஒரு முறை பார்க்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 19, வியாழன்

துரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த அம்மா திட்டினதைப் படித்துச் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

வேன் இரைச்சலாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கைதானே? அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதே. நீங்கள் சொல்லியிருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும்.

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். உங்கள் முதல் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. மார்ச் இருபத்தெட்டு சனிக்கிழமை, உங்கள் கடைசிக் கோயிலுக்கு நேரில் வந்து நிற்கலாம் என்று. செத்தவள் எழுந்து வந்தால் அந்தப் பட்டியலை எப்படி வாசிப்பார்கள் பார்க்கலாம் என்று இங்கே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உள்ளுக்குள் அது சிரிப்பு மட்டுமில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து உங்கள் பக்கத்தில் நான்கு பேர் பார்க்க நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. இந்த வயதில் இதை எழுத எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று காலை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அங்கே வந்தால் அந்த டாக்டர் என்னை நர்ஸம்மா என்று கூப்பிடுவார். நீங்கள் மறுபடியும் தரையைப் பார்ப்பீர்கள். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

கோபமில்லை, சத்தியமாக. சலித்துவிட்டது. இனி எழுத வேண்டாம். எழுதினாலும் உறையைப் பிரிக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்


மார்ச் 29, குருத்து ஞாயிறு

உறையைப் பிரிக்க மாட்டேன் என்றாய். அதனால் உறையில்லாமல் மூன்று அஞ்சலட்டைகளில் எழுதுகிறேன். ஓரத்தில் எண் போட்டிருக்கிறேன். தபால்காரர், உன் ஆஸ்பத்திரி வாசல் காவலர், இஸ்திரி இயந்திரத்தில் நிற்கிற பெண், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

ஐந்தாவது கோயிலுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று கடைசிக் கோயில். மணி விரிசல் விட்டுப்போய்த் தரையில் இறக்கி வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "என் மனைவி நர்ஸ் இல்லை. முப்பத்தஞ்சு வருஷமா ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி துவைக்கிறா. அது வெளியில தெரிஞ்சா கேவலம்னு அவளை நர்ஸ் ஆக்கினேன், வேலைக்காரி ஆக்கினேன், கடைசியில சாகடிச்சேன்" என்று ஆரம்பித்து, ஊசியையும் அந்தப் பழைய உடுப்புப் பையையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

தையற்காரம்மாதான் கேட்டார். "அதுக்கென்ன சார்?"

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். துணி துவைக்கிறவள், நர்ஸ் இல்லை என்றேன். "அதான் சொன்னீங்களே. அதுக்கென்ன? இதுக்கா அந்தப் புள்ளைய விட்டீங்க?" என்றார். பல் டாக்டர் உன் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் சலவைக்கு நல்ல ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம். பிறகு யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், வேன் கிளம்ப நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

இருபத்தொரு வருஷம் எந்த முகங்களுக்குப் பயந்தேனோ அவற்றில் ஒன்றுகூடச் சுளிக்கவில்லை. என் மேலாளரும் அவர் மனைவியும்கூட அன்றைக்கு அதையேதான் கேட்டிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. அதுக்கென்ன என்று கேட்டுவிட்டு ஊசி போட வேறு ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். நீ வீட்டிலேயே இருந்திருப்பாய்.

அந்த அம்மா வேனில் ஏறும்போது மறுபடி ஒரு முறை என் முகத்தைப் பார்த்து, "இதுக்கா விட்டீங்க?" என்று கேட்டார். நான் அவர் பையை வாங்கி வேனுக்குள் வைத்தேன்.

நீ எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரிச் சலவைக்காரியின் கணவன்