மைக் மூடாமல் நடந்த கணக்கு வகுப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, சின்னவள் மூவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதே சுகத்தோடு இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் பேக்கரியில் மாவு உப்பும் நேரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தங்கை அரைப் பரீட்சையில் கணக்கில் தோற்றது உனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டு எல்லோரும் சிரித்ததிலிருந்து அவள் அங்கே வாயே திறப்பதில்லை, "பத்தாவது பரீட்சை எழுத மாட்டேன், உங்ககூட பேக்கரிக்கு வந்துடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நீதான் அங்கிருந்தே இந்த ஆன்லைன் டியூஷனில் சேர்த்துவிட்டாய். முதல் நாள் டீச்சர் திரையில் வந்ததும் நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், உன் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவருக்கென்று கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள், சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். கேமராவையும் மைக்கையும் மூடிக்கொண்டு டைப் அடித்துத்தான் பதில் போடுவாள், டீச்சரும் வற்புறுத்தவில்லை, நல்ல மனுஷி.

போன வியாழக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நான் சும்மா இருக்காமல், கணக்கில் எண் இருக்கலாம், எக்ஸுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் அலுத்துக்கொண்டே, "அப்பா, இது உங்க தராசுதான். ஒரு தட்டுல எடை தெரியாத மாவு உருண்டை, அதுதான் எக்ஸ். கூடவே ரெண்டு படிக்கல்லு. இந்தப் பக்கம் ரெண்டு எடுத்தா அந்தப் பக்கமும் ரெண்டு எடுக்கணும், இல்லேன்னா சாஞ்சிடும். கடைசில உருண்டை மட்டும் தனியா நிக்கும்ல, அப்ப எதிர்த் தட்டுல இருக்கறதுதான் விடை" என்றாள். அடேயப்பா, இத்தனை வயதுக்கு இப்போதுதான் எனக்கு அது புரிந்தது! அப்புறம் பார்த்தால் அன்றைக்கு மூட மறந்துபோய் மைக் திறந்தே கிடக்கிறது, டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அத்தனை பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். இவள் முகம் வெளிறிப்போய்க் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள், இனி டியூஷனும் வேண்டாம் பரீட்சையும் வேண்டாம் என்று ஒரே அழுகை. உன் அம்மா என்னை வறுத்தெடுத்துவிட்டாள், எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் டீச்சரே போன் பண்ணினார். யாரும் சிரிக்கவில்லையாம். "எங்களுக்கும் அது புரியல டீச்சர், கேக்க வெக்கமா இருந்துச்சு, அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். நேற்று வகுப்பு நேரத்தில் சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே மைக்கைத் திறந்தாள், கேமராவையும் திறந்தாள், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒண்ணுமே தெரியாத மாதிரி கேளுங்கப்பா" என்றாள். அதற்கு நான் நடிக்க வேண்டியதே இல்லையே. அவள் சொல்லச் சொல்ல, எந்தெந்த ஊரிலோ இருக்கிற பிள்ளைகள் திரையில் தலையாட்டினார்கள். நாம் வளர்த்த பிள்ளையா இது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வகுப்பு முடிந்ததும், "பரீட்சைக்குப் பேரு குடுத்துடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். சாயங்கால வகுப்பு நேரத்தில் மட்டும் போன் பண்ணாதே, அடுத்த பாடத்துக்கும் ஒன்றும் தெரியாத ஆள் வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா