இரவுப் பணி வாரங்கள்

ஜூலை 8, திங்கள்
என் பெண் வாலுவின் வகுப்பாசிரியை கூப்பிட்டனுப்பியிருந்தார். போனேன். கணக்கில் நூற்றுக்கு இருபத்து மூன்று. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம்.

"ஆகஸ்ட் ரெண்டாம் தேதி டெஸ்ட்ல நாப்பது வாங்கலேன்னா அறிவியல் பிரிவுல வச்சிருக்க முடியாதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

தூங்கிய தேதிகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்கூட யாரும் இவ்வளவு சுத்தமாக எழுதுவதில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கேட்டால், "கண்ணை மூடி யோசிச்சேன்மா" என்கிறாள். பதினாறு வயது. வாய்க்கு மட்டும் தூக்கமே கிடையாது.

ஜூலை 9
அந்தச் சீட்டையும் என் பணி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினோரு தேதிகள். பதினொன்றும் என் இரவுப் பணிக்கு மறுநாள். ஆக, நான் இல்லாத வாரமெல்லாம் மகாராணி விடிய விடிய போனும் கையுமாக இருக்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 13
பகல் பணி வாரம். அவள் பத்து மணிக்கே அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். நடிப்பு.

ஜூலை 16, செவ்வாய்
நேற்றிலிருந்து இரவுப் பணி. மாதிரிகளைக் கருவியில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கும்போது வழக்கம்போல "தூங்கிட்டியா?" என்று அவளுக்கு அனுப்பினேன். 11.40, 1.15, 3.05. மூன்றுக்கும் உடனே பதில்: "தூங்கிட்டேன்."

ஒரு வருஷமாக இப்படித்தான். பதில் வந்தால் நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன். தூங்குகிறவள் எப்படிப் பதில் போடுவாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

ஜூலை 17
காலையில் வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். அவள் அழவில்லை. பூட்டைத் திறக்கும் எண்ணை அவளே சொன்னாள். "பாரு. நல்லாப் பாரு."

பார்த்தேன். பத்து மணிக்கு மேல் படம் இல்லை, பாட்டு இல்லை, தோழிகளோடு அரட்டை இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். வாரக்கணக்கில் நான்.

"பதில் போடலேன்னா நீ கீழே இருக்கற காவலாளிக்குப் போன் பண்ணி அனுப்புவே. போன வருஷம் அவர் கதவைத் தட்டின தட்டுல மாடியே எழுந்து வந்துச்சு. நான் தூங்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த மானக்கேடு மறுபடி வேணாம்னு முழிச்சே கெடக்கேன்."

அப்புறம் பள்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் என்னதான் நினைச்சிட்டிருந்தேன்? பொண்ணைப் பத்திரமா பாத்துக்கறேன்னா? பயம் எனக்கு — தூக்கம் போனது அவளுக்கு. படிச்சவதானே நான்? ஒரு வருஷமாடி!

ஜூலை 18
பேசி முடிவு செய்தோம். ராத்திரி அவள் போன் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அவசரமென்றால் அவளே கூப்பிடுவாள். நான் அனுப்பக் கூடாது.

அனுப்பவில்லை. மூன்று தடவை எழுதி அழித்தேன். கூட வேலை செய்கிற தம்பி, "என்னக்கா, போன் முன்னாடி தவமா?" என்று கேட்டான். போடா என்றேன்.

ஜூலை 19
"மூணு மணிக்குத் தானா முழிப்பு வருதும்மா. பழகிடுச்சு." நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2
டெஸ்ட். எளிதா என்று கேட்டேன். "எல்லா கேள்வியையும் படிச்சேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தமோ.

ஆகஸ்ட் 7
நாற்பத்து மூன்று. ஆசிரியை போனில், "இந்தத் தடவை தப்பிச்சா. இருக்கட்டும், இப்ப வகுப்புல கண்ணு திறந்திருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்
இரவுப் பணி முடிந்து ஆறே முக்காலுக்கு வந்தேன். சாவியை வேலை இடத்திலேயே விட்டுவிட்டேன். அழைப்பு மணியை அடித்தேன். சத்தமே இல்லை.

எரிவாயு கசிந்திருந்தால்? குளியலறையில் விழுந்திருந்தால்? விரல் மறுபடி மணிமேல் போய்விட்டது. கதவில் காதை வைத்தேன். உள்ளே லேசான குறட்டை.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஏழரைக்கு அவள் அலாரம் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மணியை அழுத்தினேன், தலையைச் சொறிந்துகொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"எப்பம்மா வந்தே?"

"இப்பதான்."